அழுக்கு எது, பரப்பு எது: வீட்டுத் துப்புரவுப் பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

துப்புரவுப் பொருள்கள் பெரும்பாலும் அறையின் பெயரால் விற்கப்படுகின்றன. ஒரு பாட்டிலில் 'குளியலறைக்கு' என்றும், இன்னொன்றில் 'சமையலறைக்கு' என்றும், மூன்றாவதில் 'தரைக்கு' என்றும் எழுதியிருக்கும். வீட்டுப் பொறுப்பைப் புதிதாக ஏற்பவருக்கு இது வசதியாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் பகுப்பு விற்பனைக்காகச் செய்யப்பட்டது, வேதியியலை ஒட்டியதன்று. குளியலறை ஒரே பொருளால் ஆனதில்லை. அங்கே பீங்கான் தொட்டி இருக்கிறது. குரோமியம் பூசிய குழாய், முகம் பார்க்கும் கண்ணாடி, டைல்ஸ், டைல்ஸ்களுக்கு இடையே சிமெண்ட் நிரப்பிய இடுக்கு, பிளாஸ்டிக் வாளி, சில வீடுகளில் மார்பிள் மேடை ஆகியவையும் இருக்கின்றன. அங்கே சேரும் அழுக்கும் ஒரே வகையைச் சேர்ந்ததன்று. குழாயைச் சுற்றி வெள்ளையாகப் படிவது உப்பு. சுவரின் கீழ்ப்பகுதியில் பிசுபிசுப்பாக ஒட்டுவது சோப்பும் உடலின் எண்ணெயும். மூலையில் கறுத்துப் போவது பூஞ்சை.

ஆகவே, ஒரு பொருளைக் கையில் எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. அழுக்கு எதனால் ஆனது? அது படிந்திருக்கும் பரப்பு எதனால் ஆனது? முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடை, எந்த வகைப் பொருள் வேலை செய்யும் என்பதைச் சொல்லும். இரண்டாவதன் விடை, அவற்றுள் எதைப் பயன்படுத்தக் கூடாது என்பதைச் சொல்லும். இவ்விரண்டையும் கடந்து மிஞ்சுவனவற்றுள் மிக மென்மையானது எதுவோ அதிலிருந்து தொடங்குவதே சரியான முறை.

அழுக்கைக் கரைப்பது எது?

தூசியும் மண்ணும் நீரிலேயே போய்விடும். எண்ணெய்ப் பிசுக்கு போகாது, ஏனெனில் எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேர்வதில்லை. சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம், சலவைத்தூள் ஆகியவற்றில் உள்ள மூலக்கூறுகளுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை நீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். பல மூலக்கூறுகள் ஒரு எண்ணெய்த் துளியைச் சூழ்ந்து, எண்ணெயை நாடும் முனைகளை அதற்குள் செலுத்தி, நீரை நாடும் முனைகளை வெளியே நீட்டிக்கொண்டு, அதைப் பரப்பிலிருந்து பிரித்து நீரோடு அனுப்பிவிடுகின்றன. இதற்கும் நுரைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. துணி துவைக்கும் இயந்திரங்களுக்கான தூள்கள் வேண்டுமென்றே குறைவாக நுரைக்கும்படி தயாரிக்கப்படுகின்றன. அவை நன்றாகவே சுத்தம் செய்கின்றன. நுரையையும் மணத்தையும் வைத்து ஒரு பொருளின் திறனை மதிப்பிடும் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும்.

அடுத்து அறிய வேண்டியது அமிலம், காரம் என்ற வேறுபாடு. இதை அளக்கும் பிஹெச் அளவுகோலை, கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய டென்மார்க் வேதியியலர் சோரன்சன் 1909இல் அறிமுகப்படுத்தினார். வழக்கமாக அது 0 முதல் 14 வரை செல்லும். தூய நீர் நடுவில் 7இல் நிற்கும். அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு படிக்கும் வேறுபாடு பத்து மடங்கு என்பதை மறந்துவிடக் கூடாது. வினிகர் ஏறத்தாழ 2.5இல் இருக்கிறது. சமையல் சோடா கரைசல் 8க்குச் சற்று மேலே, சலவை சோடா 11 அளவில், குளோரின் ப்ளீச் 11க்கும் 13க்கும் இடையில் உள்ளன. குழாய் அடைப்பை நீக்கும் காரத் திரவங்கள் 14ஐ நெருங்குகின்றன. சமையல் சோடாவும் சலவை சோடாவும் பெயரில் நெருக்கமாக இருந்தாலும் காரத்தன்மையில் பல நூறு மடங்கு வேறுபடுகின்றன என்பது இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும். முதலாவதை வெறும் கையால் தொடலாம். இரண்டாவதற்குக் கையுறை வேண்டும்.

கடின நீர் விட்டுச்செல்லும் உப்புக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது அமிலத்தில் கரையும், காரத்தில் கரையாது. எனவே குழாயின் அடியில் படிந்த வெள்ளைக் கறையைச் சோப்புப் போட்டு மணிக்கணக்கில் தேய்ப்பதால் பயன் இல்லை. ஒரு காகிதத் துண்டை வினிகரில் நனைத்து, கறை படிந்த இடத்தில் சுற்றி, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். முதல் சில நிமிடங்களில் காகிதத்தின் ஓரத்தில் சிறு குமிழிகள் எழும். கார்பனேட் உடைந்து கார்பன் டைஆக்ஸைடு வெளியேறுவதன் அடையாளம் அது. பிறகு காகிதத்தை எடுத்துவிட்டு ஒரு பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தால், கறை மாவு போல் உதிரும். கறை தடிமனாக இருந்தால் இதையே மறுபடியும் செய்யலாம். ஆனால் இரவு முழுவதும் ஊற விடக் கூடாது. குரோமியப் பூச்சில் எங்கேனும் கீறல் இருந்தால், அமிலம் அதன் வழியே உள்ளே இறங்கி அடியில் உள்ள உலோகத்தை அரிக்கத் தொடங்கும்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு இதற்கு நேர்மாறான வழி. அடுப்பைச் சுற்றியும் புகைப்போக்கி விசிறியிலும் ஒட்டிக் கெட்டிப்பட்டுப்போன எண்ணெயைக் காரம் சிதைக்கிறது. அதோடு வெதுவெதுப்பான நீர் சேர்ந்தால் வேலை எளிதாகும். இரத்தம், பால், சிறுநீர், வியர்வை போன்ற உயிரினக் கறைகளுக்கு நொதிகள் கலந்த பொருள்கள் பொருத்தமானவை. இவற்றில் உள்ள நொதிகள் புரதத்தையும் கொழுப்பையும் மாவுச்சத்தையும் துண்டு துண்டாக வெட்டிவிடுகின்றன. இரத்தக் கறைக்கு வெந்நீர் கூடாது. வெப்பத்தால் புரதம் உறைந்து இழைகளில் இறுகிவிடும். கொதிக்கும் நீர் நொதிகளையும் செயலிழக்கச் செய்யும்.

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்து ஊற்றும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இத்தனை பேர் நம்பும் இத்தனை பயனற்ற குறிப்பு வேறு இல்லை என்பது என் எண்ணம். பொங்கி எழும் நுரை கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அந்தப் பொங்கலின்போது அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. எஞ்சுவது சிறிதளவு சோடியம் அசிடேட் கரைந்த நீர் மட்டுமே. தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே நல்ல பொருள்கள். சமையல் சோடாவை ஈரமாக்கிக் குழைத்தால் மென்மையான தேய்ப்புப் பொருளாகும். வினிகர் உப்பைக் கரைக்கும்.

பொருளின் வலிமையைக் கூட்டுவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியது நேரம். சலவை வேதியியலரான ஹெர்பர்ட் சின்னர் 1959இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: வேதிப்பொருள், தேய்ப்பு, வெப்பம், நேரம் ஆகிய நான்கும் சேர்ந்தே சுத்தம் உண்டாகிறது, அவற்றுள் ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும். வீட்டில் பெரும்பாலோர் தெளித்தவுடனே துடைத்துவிடுகிறார்கள். கறை போகாததைக் கண்டு மேலும் காட்டமான பொருளை வாங்குகிறார்கள். அதே மென்மையான பொருளைப் பத்து நிமிடம் ஊற விட்டிருந்தால் பல வேளைகளில் அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

பரப்புக்கு ஏற்ற பொருள்

மார்பிளைத்தான் மக்கள் அதிகம் கெடுக்கிறார்கள். மார்பிளும் சுண்ணாம்புக்கல்லும் அடிப்படையில் கால்சியம் கார்பனேட். குழாயில் படியும் உப்புக்கறையும் அதேதான். கறையைக் கரைக்கும் அமிலத்துக்குக் கறை எது, கல் எது என்று தெரியாது. மெருகிட்ட மார்பிளின் மேல் ஒரு துளி வினிகர் விழுந்து ஒரு நிமிடம் நின்றால், துடைத்த பிறகு அந்த இடத்தில் மங்கலான வட்டம் ஒன்று தெரியும்; விளக்கொளியைச் சாய்வாகக் காட்டினால் அது இன்னும் தெளிவாகப் புலப்படும். அதைக் கறை என்று எண்ணித் தேய்க்கத் தொடங்குவோர் உண்டு. அங்கே ஒட்டியிருப்பது எதுவும் இல்லை. கல்லின் மேற்பரப்பே கரைந்து போயிருக்கிறது, இனி மெருகு போட்டால்தான் அது சரியாகும். மார்பிளுக்கு வெதுவெதுப்பான நீரும், சில துளிகள் நடுநிலையான பாத்திரத் திரவமும், மென்துணியும் போதும். கழுவிய பின் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் உப்பு படிவதும் குறையும். எலுமிச்சை கலந்ததாக விளம்பரப்படுத்தப்படும் பொருள்களில், எலுமிச்சை மணம் மட்டும் சேர்த்தவையும் உண்டு, உண்மையிலேயே சிட்ரிக் அமிலம் கலந்தவையும் உண்டு. எனவே பின்பக்கத்துச் சீட்டைப் படிக்காமல் அவற்றை இந்தக் கல்லின் மேல் ஊற்றக் கூடாது.

கிரானைட் வேறு வகை. அது குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் போன்ற கடினமான கனிமங்களால் ஆனது. வினிகர் அதை எளிதில் அரிப்பதில்லை. ஆனாலும் அதன் நுண்துளைகளை அடைப்பதற்காகப் பூசப்பட்ட காப்புப் பூச்சை அமிலமும் கடுங்காரமும் காலப்போக்கில் சிதைக்கும் என்பதால், கிரானைட்டுக்கும் நடுநிலையான திரவமே ஏற்றது. பீங்கான் டைல்ஸும் கழிப்பறைத் தொட்டியும் இவை எல்லாவற்றையும் விடத் தாக்குப்பிடிக்கும். அவற்றின் கண்ணாடி போன்ற மெருகு பெரும்பாலான வீட்டு அமிலங்களைப் பொருட்படுத்தாது. டைல்ஸ்களுக்கு இடையே உள்ள சிமெண்ட் இடுக்கு அப்படியன்று. அதில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால், ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தை அடிக்கடி தரையில் ஊற்றினால் இடுக்கு சிறிது சிறிதாக அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அதன் வழியே நீர் கீழே இறங்கும்.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், குறைந்தது 10.5 சதவீதம் அதில் சேர்ந்துள்ள குரோமியம். அது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்குகிறது. கீறல் விழுந்தாலும் அது தானாகவே மறுபடி உருவாகிவிடும். இந்தப் படலத்தின் பகை குளோரைடு. ப்ளீச்சும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் எவர்சில்வர் தொட்டியில் தேங்கி நின்றால் ஊசி முனை அளவில் குழிகள் விழும். இரும்பு நார் வேறு விதமாகத் தீங்கு செய்கிறது: அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள்கள் பரப்பில் பதிந்து துருப்பிடிக்கின்றன, பார்ப்பவர் எவர்சில்வரே துருப்பிடித்துவிட்டதாக நினைக்கிறார். உலோகத்தில் தெரியும் கோடுகளின் திசையிலேயே மென்துணியால் துடைப்பது நல்லது.

அலுமினியத்தின் காப்புப் படலமோ அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். சலவை சோடா கலந்த வெந்நீரில் அலுமினியப் பாத்திரத்தை ஊற வைத்தால் அது கறுத்துப் போவது இதனால்தான். அடைப்பு நீக்கியில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு அலுமினியத்தோடு வினைபுரிந்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவையும் வெளியிடும். அலுமினியத்துக்குப் பாத்திரத் திரவத்தைத் தாண்டிச் செல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

சன்னல் கண்ணாடிக்கு எதுவும் ஆகும். அம்மோனியா கலந்த திரவமும் சரி, நீரில் கலந்த வினிகரும் சரி. ஆனால் கண்ணாடி போலத் தோன்றும் எல்லாமே கண்ணாடி அல்ல. அக்ரிலிக் தகட்டின் மேல் அம்மோனியாவோ ஆல்கஹாலோ பட்டால் அதில் சிலந்தி வலை போன்ற நுண்விரிசல்கள் தோன்றக்கூடும். தொலைக்காட்சி, கணினி, கைப்பேசி ஆகியவற்றின் திரைகள் கண்ணாடியாகவே இருந்தாலும், அவற்றின் மேல் ஒளி எதிரொளிப்பையும் விரல் பிசுக்கையும் தடுக்கும் பூச்சுகள் இருக்கின்றன. உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி, போதாவிட்டால் அதே துணியை நீரில் சற்றே ஈரப்படுத்தித் துடைத்தல். இதற்கு மேல் வேண்டுமானால் தயாரிப்பாளரின் குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும். திரையின் மேல் நேரடியாக எதையும் தெளிக்கக் கூடாது, திரவம் விளிம்பின் வழியே உள்ளே இறங்கிவிடும்.

மரத்தைப் பொறுத்தவரை, நாம் துடைப்பது மரத்தை அன்று, அதன் மேல் உள்ள வார்னிஷையோ மெழுகையோதான். பூச்சு நன்றாக இருந்தால் நன்கு பிழிந்த துணி போதும். பூச்சு தேய்ந்த இடத்தில் நீர் நின்றால் இழைகள் உப்பிக்கொள்ளும்.

வேதிப்பொருள் எவ்வளவு மென்மையாக இருந்தாலும், தேய்க்கும் கருவி கெடுத்துவிடலாம். பாத்திரம் துலக்கும் கடினமான பச்சை நாரில் உராய்வுத் துகள்கள் பதிந்திருக்கின்றன. எந்த வேதிப்பொருளும் இல்லாமலே கறையை அழிப்பதாகத் தோன்றும் வெள்ளை மெலமைன் பஞ்சு, உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள் போலவே வேலை செய்கிறது. சுவரில் உள்ள கிறுக்கல் அதனால் போகும், மினுங்கும் பிளாஸ்டிக்கின் மினுக்கமும் போகும். ஆகவே எந்தப் புதிய பொருளையும் கண்ணில் படாத ஒரு மூலையில் பூசி, உலர்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டே மற்ற இடத்துக்குச் செல்ல வேண்டும்.

சுத்தம் வேறு, கிருமிநீக்கம் வேறு

அழுக்கை அகற்றுவது சுத்தம். கிருமிகளைக் கொல்வது கிருமிநீக்கம். அன்றாடப் புழக்கத்தில் முதலாவதே பெரும்பாலும் போதும். வீட்டில் ஒருவருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கும்போதும், பச்சை இறைச்சி பட்ட பலகையிலும், கழிப்பறையிலும் இரண்டாவது தேவைப்படுகிறது. அப்போதும் முறை மாறாது: முதலில் கழுவ வேண்டும், அதன் பிறகே கிருமிநாசினி. அழுக்கில் உள்ள கரிமப் பொருள்கள் ப்ளீச்சை வீணாக்கிவிடுவதால், அழுக்கின் மேலேயே அதை ஊற்றினால் கிருமியைக் கொல்ல அதில் வலு எஞ்சாது.

ப்ளீச்சில் கிருமியைக் கொல்லும் பொருள் சோடியம் ஹைப்போகுளோரைட். வீட்டுப் பரப்புகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் கூறும் அதன் அளவு 0.1 சதவீதம். பாட்டிலில் 5 சதவீதம் என்று இருந்தால், ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 49 பங்கு நீர் சேர்க்க வேண்டும். வெந்நீர் வேண்டாம், சாதாரண நீரே நல்லது. கலந்ததை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். நாள்பட்டால் அதன் திறன் குறைந்துவிடும். ஆல்கஹால் எனில் 70 சதவீதம் அளவிலானது தூய ஆல்கஹாலை விடச் சிறப்பாகக் கொல்கிறது, ஏனெனில் கிருமியின் புரதத்தைச் சிதைக்க ஓரளவு நீரும் தேவை. எதுவாயினும், சீட்டில் சொல்லப்பட்ட நேரம் வரை பரப்பு ஈரமாக இருந்தாக வேண்டும். பல கிருமிநாசினிகளில் உள்ள பென்சால்கோனியம் குளோரைடைச் சோப்பு செயலிழக்கச் செய்யும் என்பதால், சோப்பால் துடைத்த இடத்தை நீரால் அலசிய பிறகே அதைப் பூச வேண்டும்.

கலக்கக் கூடாதவை

ப்ளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மானியப் படை ஆயுதமாகத் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். ப்ளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமைன் வாயுக்கள் உண்டாகும். அவையும் நுரையீரலைப் புண்ணாக்கும். ப்ளீச்சோடு ஆல்கஹால் சேர்ந்தால் குளோரோஃபார்ம் உள்ளிட்ட நச்சுப் பொருள்கள் பிறக்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் கலந்தால் அரிக்கும் தன்மையுள்ள பெரசிடிக் அமிலம் உருவாகும். இவற்றை யாரும் தெரிந்தே கலப்பதில்லை. கழிப்பறைத் தொட்டியில் நேற்று ஊற்றிய அமிலத்தின் மீதி இருக்கும்போது இன்று ப்ளீச்சை ஊற்றுவதும், ஒரு அடைப்பு நீக்கி பலிக்கவில்லை என்று அதன் மேலேயே வேறு வகையை ஊற்றுவதுமே வழக்கமான விபத்துகள். மூக்கைத் துளைக்கும் நெடி எழுந்தால் அதைக் கழுவிச் சரிசெய்ய முயலாமல், உடனே வெளியே வந்து தூய காற்றில் நிற்க வேண்டும்.

கலக்காமலே பயன்படுத்தினாலும் மூச்சுக்கு இடர் உண்டு. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, 6,000க்கும் மேற்பட்டோரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வீட்டையோ பணியிடத்தையோ துப்புரவு செய்துவந்த பெண்களிடம் நுரையீரலின் செயல்திறன் மற்ற பெண்களை விட வேகமாகக் குறைந்திருந்தது. சன்னலைத் திறந்து வைப்பதும், காற்றில் தெளிப்பதற்குப் பதிலாகத் துணியில் ஊற்றித் துடைப்பதும் செலவில்லாத பாதுகாப்பு.

வாங்கும்போது சீட்டில் 'இயற்கையானது' என்ற சொல்லைத் தேட வேண்டாம். மார்பிளைக் கரைக்கும் வினிகரும் இயற்கையானதுதான். ஐக்கிய நாடுகள் அவையின் வழியே 2003இல் ஏற்கப்பட்ட உலகளாவிய வேதிப்பொருள் குறியீட்டு முறையில், சிவப்பு ஓரமிட்ட சாய்சதுரத்துக்குள் எச்சரிக்கைப் படங்கள் இருக்கும். கையின் மேலும் உலோகத்தின் மேலும் திரவம் சொட்டும் படம் அரிப்புத் தன்மையைக் குறிக்கும். அதற்குக் கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் வேண்டும். ஆச்சரியக்குறி எரிச்சல் போன்ற சற்றுக் குறைந்த தீங்கைக் குறிக்கும். பூனை வளர்ப்போர் ஃபீனால் வகைக் கிருமிநாசினிகளைத் தவிர்ப்பது நல்லது. அவற்றை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, ஈரத்தரையில் நடந்த பாதத்தை நக்கினாலும் அவை உள்ளே சென்றுவிடும்.

எந்தப் பொருளையும் குடிநீர் அல்லது குளிர்பானப் பாட்டிலில் மாற்றி வைக்கக் கூடாது. குழந்தைகள் நஞ்சு அருந்தும் விபத்துகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். கண்ணில் பட்டால், இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஓடும் நீரில் 15 முதல் 20 நிமிடம் வரை கழுவ வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, இறங்கும்போது புண்ணாக்கிய திரவம் ஏறும்போதும் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். மருத்துவரிடம் செல்லும்போது பாட்டிலையும் எடுத்துச் செல்ல வேண்டும். உள்ளே போனது அமிலமா, காரமா, ப்ளீச்சா என்பதை அதன் சீட்டைப் பார்த்தே அவர் விரைவாக அறிய முடியும்.